வேரில் எழுதப்படாத பெயர்கள்

2012 டிசம்பர் 28 முதல் 30 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பதினோராவது தமிழ் இணைய மாநாடு நடந்தது. உத்தமம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை நடத்தின. மாநாடு கூடியபோது தமிழுக்கு ஒரு பெரிய காரியம் கைகூடியிருந்தது. ‘.இலங்கை’ 2010இலும், ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகிய இரண்டும் 2011இலும் இணையத்தின் வேர்ப் பட்டியலில் ஏறியிருந்தன. அதாவது, தமிழ் எழுத்திலேயே முடிகிற ஓர் இணைய முகவரியைத் தட்டினால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் கணினியும் தனியாக எந்த மென்பொருளும் நிறுவாமல் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

அதற்குப் பத்தாண்டு முன்பு நிலைமை வேறு. ஆங்கிலம் அல்லாத எழுத்தில் பதிந்த முகவரியைத் திறக்க வேண்டுமென்றால் பிரவுசரில் ஒரு கூடுதல் துண்டைப் பொருத்தியாக வேண்டும். இன்று எக்ஸ்டென்ஷன், ஆட்-ஆன் என்று எல்லோரும் சொல்கிற அந்த நீட்சி இல்லாதவருக்கு அந்த முகவரி இல்லாத முகவரிதான்.

இப்போது வேறொரு வகைப் பெயர்கள் அதே வாசலில் நிற்கின்றன. ‘.ஈத்’, ‘.பிட்’ என்று முடிகிற இவற்றை எந்த அரசும் எந்த நிறுவனமும் மையத்தில் உட்கார்ந்து வழங்குவதில்லை. பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் அவை எழுதப்படுகின்றன. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இவற்றைத் தாமாக அறியா. நீட்சி போட்டால்தான் திறக்கும். மையமே வேண்டாம் என்று பிறந்த பெயரை, யாரோ ஒருவர் எழுதிய நீட்சியின் கையில் ஒப்படைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, முதலில் சாதாரணப் பெயர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிதம்பரம் கீழவீதியில் ஒருவர் கைப்பேசியில் கடலூர் மாவட்ட நிர்வாகத்தின் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர், பிறகு ‘டாட் என்ஐசி டாட் இன்’. கைப்பேசிக்கு இந்தப் பெயரால் பயன் இல்லை. அதற்கு வேண்டியது சர்வரின் எண். அஞ்சல்காரருக்கு இது பழகிய விஷயம். வெறும் கூடலூர் என்று எழுதிப் போட்டால் நீலகிரிக் கூடலூரா தேனிக் கூடலூரா என்று தெரியாது. மாவட்டத்தையும் எழுதி, 6 இலக்கப் பின்கோடும் போட்டால் கடிதம் குழம்பாமல் போகும். இணையத்தில் பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கும் வேலையைச் செய்வது டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தது. அதற்கு முன் வலையில் இருந்த எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே கோப்பில், கலிபோர்னியாவில் ஒரே நிறுவனத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டன.

டிஎன்எஸ் வலமிருந்து இடமாகப் படிக்கும். கைப்பேசி நிறுவனத்தின் சர்வர் முதலில் வேரைக் கேட்கும்: ‘இன்’ யாரிடம்? வேர்ச் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். ஆனால் அவற்றின் நகல்கள் உலகமெங்கும் 1,500க்கு மேல் பரவியிருக்கின்றன. 2005இல் சென்னையிலும் எஃப் வேர்ச் சர்வரின் நகல் ஒன்று நிறுவப்பட்டது. ‘இன்’ பதிவேடு நிக்ஸி என்ற இந்திய அமைப்பிடம் இருக்கிறது என்று வேர் சொல்லும். நிக்ஸியின் சர்வர் ‘என்ஐசி’யைக் காட்டும். அது கடலூரின் எண்ணைக் கொடுக்கும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பயணத்தில் ஒவ்வொரு படியிலும் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். உச்சியில், வேர்ப் பட்டியலில் எந்தப் பின்னொட்டு இருக்கலாம் என்று முடிவு செய்வது 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐகான்.

தமிழ் இந்த வேருக்குள் நுழைந்த கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர், 1990களின் நடுவில் தமிழை வலைப்பக்கத்தில் ஏற்றப் பாடுபட்டார். அவரோடு உழைத்த சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் டின் வீ, 1998இல் பல மொழி எழுத்துகளில் டொமைன் பெயர் அமைக்கும் முயற்சியைத் தொடங்கினார். டிஎன்எஸ்ஸோ ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு தவிர வேறெதையும் ஏற்காத அமைப்பு. அதைத் தொடாமல் வேற்றெழுத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால் யாராவது நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அந்த நடுவர் வேலையைத்தான் நீட்சிகள் செய்தன. வெரிசைன் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ‘ஐ-நாவ்’ என்ற நீட்சியை இலவசமாகக் கொடுத்தது. பயனர் தன் மொழியில் தட்டுவார். நீட்சி அதை டிஎன்எஸ்ஸுக்குப் புரியும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றி அனுப்பும்.

2003இல் அந்த மாற்றும் முறைக்கு ப்யூனிகோட் என்ற பொதுத் தரம் வந்தது. ஓபராவும் மொசில்லாவும் உடனே அதைச் சேர்த்துக்கொண்டன. பெரும்பாலானோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும் 2006இல் ஏழாம் பதிப்பு வரும் வரை காத்திருந்தது. 2007 அக்டோபரில் ஐகான் பதினொரு மொழிகளில் சோதனை முகவரிகளை வேரில் ஏற்றியபோது தமிழுக்கும் ஒன்று கிடைத்தது: ‘உதாரணம்.பரிட்சை’. பரீட்சை என்ற சொல்லின் நெடில் குறிலாகிவிட்டாலும் பரீட்சையில் தமிழ் தேறியது. மூன்று ஆண்டுகளில் ‘.இலங்கை’ வந்தது. ஐ-நாவ் போன்ற நீட்சிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு நீட்சிக்குக் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு அதுதான்: அது செய்த வேலையைப் பிரவுசரும் வேரும் ஏற்றுக்கொண்டு, அது தேவையற்றதாகி விடுவது.

எல்லா நீட்சிக்கும் அந்த முடிவு வாய்க்கவில்லை. 2001இல் நியூ டாட் நெட் என்ற அமெரிக்க நிறுவனம் ஐகான் அனுமதிக்காத பின்னொட்டுகளைத் தானே உருவாக்கி விற்றது. ‘.ஷாப்’, ‘.கிட்ஸ்’ என்று பெயர் வாங்கியவர்களின் தளம், அந்நிறுவனத்தின் நீட்சியை வைத்திருந்தவருக்கும், அதோடு ஒப்பந்தம் போட்ட இணையச் சேவையைப் பயன்படுத்தியவருக்கும் மட்டுமே தெரிந்தது. நீட்சியைப் பரப்ப அதை வேறு இலவச மென்பொருள்களோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். கேட்காமலே கணினிக்குள் வந்த அதை நீக்கப் போனவர்களில் பலருக்கு இணைய இணைப்பே அறுந்தது. வேருக்கு வெளியே பெயர் விற்பவர்களைப் பற்றி எச்சரிக்கையோடு பேசும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் வேரை நம்பி இருப்பதிலும் ஆபத்து உண்டு. அதைச் சொல்லாமல் இன்றைய முயற்சிகளை எடைபோடுவது நியாயமாகாது. 2012இல் ‘3’ திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைக் காரணம் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின் போன்ற தளங்களை அடியோடு முடக்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்கலாம், முழுத் தளத்தை அல்ல என்று நீதிமன்றம் ஜூன் 22இல் தெளிவுபடுத்தும் வரை, சொந்தக் குறும்படத்தை விமியோவில் ஏற்றியிருந்த மாணவனும் அடைபட்டுக் கிடந்தான். 2021 பிப்ரவரி 6இல் இலங்கையின் ‘.எல்கே’ பதிவேட்டில் யாரோ கைவைத்தார்கள். கூகுளின் இலங்கை முகவரியைத் திறந்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிரச்சினை உள்ளிட்டவற்றைப் பேசும் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். சொன்ன செய்தியில் நியாயம் இருக்கலாம். ஆனால் பதிவேடு என்ற ஒரே இடத்தைத் தொட்டால் ஒரு நாட்டின் முகவரிகள் திசைமாறும் என்பதை அது காட்டியது.

யாரும் பறிக்க முடியாத பெயர் சாத்தியமா? 2001இல் ஸூகோ வில்காக்ஸ் என்ற கணினி அறிஞர் முடியாது என்ற பக்கம் நின்றார். மனிதருக்கு நினைவில் நிற்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், மையம் இல்லாமல் இயங்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்றார். 2011 ஜனவரியில் ஏரன் ஸ்வார்ட்ஸ் பிட்காயினின் பதிவேட்டு முறையைப் பயன்படுத்தினால் மூன்றும் கிடைக்கும் என்று எழுதினார். அதே ஏப்ரலில் நேம்காயின் பிறந்தது, பின்னொட்டு ‘.பிட்’. ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பதிவேட்டின் பிரதி இருக்கும். முதலில் எழுதியவருக்கே பெயர் சொந்தம். அவருடைய ரகசியச் சாவி இல்லாமல் யாரும், எந்த நீதிமன்றமும், அந்த வரியை மாற்ற முடியாது.

நான்கு ஆண்டு கழித்து அந்தப் பதிவேட்டுக்குள் போய்ப் பார்த்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று. அதில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணன். சுமார் 1,20,000 பெயர்கள் பதிவாகியிருந்தன. பதுக்கி வைத்தவற்றையும் வெற்றுப் பக்கங்களையும் கழித்தபின் உருப்படியான உள்ளடக்கத்தோடு நின்றவை 28. தொழில்நுட்பம் வேலை செய்தது. சந்தை வேலை செய்யவில்லை. விலை மலிவு, முறையிட இடம் இல்லை, ஆகவே புகழ்பெற்ற பெயர்களை எல்லாம் யார் யாரோ அள்ளிக்கொண்டார்கள். ‘.பிட்’ முகவரிகளைத் தீம்பொருள் எழுதுபவர்கள் விரும்பினார்கள். 2018இல் உலகை ஆட்டிய கேண்ட்கிராப் பணயத் தீம்பொருள் அவற்றைப் பயன்படுத்தியது. மாற்று டிஎன்எஸ் நடத்திவந்த ஓப்பன்நிக் 2019இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி ‘.பிட்’டைக் கைவிட்டது.

இன்று அதிகம் பேசப்படுவது எத்தீரியம் பிளாக்செயினில் 2017 மே 4இல் தொடங்கிய ஈஎன்எஸ். அதன் ‘.ஈத்’ பெயரைத் திறக்கும் நீட்சிகளில் பரவலானது மெட்டாமாஸ்க். அடிப்படையில் அது கிரிப்டோ பணப்பை. பெயர் திறப்பது உபவேலை. அது எப்படித் திறக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் சில விஷயங்கள் துலங்கும்.

அண்ணாமலைநகர் விடுதியில் ஒரு மாணவி மடிக்கணினியில் ‘.ஈத்’ என்று முடியும் பெயரைத் தட்டுகிறாள். குரோமுக்கு அப்படி ஒரு பின்னொட்டு தெரியாது. ஆகவே அதைத் தேடுசொல்லாக நினைத்து கூகுளுக்கு அனுப்பிவிடும். பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தால்தான் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் டிஎன்எஸ்ஸைக் கேட்கும். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று பதில் வரும். பக்கம் தோற்கும். மெட்டாமாஸ்க் அந்தத் தோல்விக்காகத்தான் காத்திருக்கிறது. ‘.ஈத்’ முகவரி ஒன்று தோற்றது என்ற செய்தி கிடைத்ததும் அது விழித்து, எத்தீரியம் பதிவேட்டைக் கேட்கிறது. பெயர் அப்படியே போவதில்லை. கெச்சாக்-256 என்ற கணித அரவையில் போட்டு எடுத்த நீண்ட எண்ணாகப் போகிறது. இந்த எண்ணுக்குப் பொறுப்பான ஒப்பந்த நிரல் எது என்று பதிவேடு சொல்லும். அந்த நிரல் தளத்தின் உள்ளடக்க முகவரியைக் கொடுக்கும்.

உள்ளடக்க முகவரி என்பது சர்வரின் எண் அல்ல. ஐபிஎஃப்எஸ் என்ற அமைப்பில் ஒரு கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட முகவரி மாறிவிடும். அதனால் யாரிடமிருந்து வாங்கினாலும், வாங்கியது அசலா என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். 2017இல் துருக்கி அரசு விக்கிபீடியாவைத் தடுத்தபோது துருக்கிய மொழி விக்கிபீடியாவின் பிரதி ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றப்பட்டது இந்த வசதியால்தான்.

சரிபார்க்கலாம். ஆனால் மாணவியின் பிரவுசர் சரிபார்ப்பதில்லை. நீட்சி அவளை, ஐபிஎஃப்எஸ் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் கேட்வே ஒன்றின் சாதாரண முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. கேட்வே கொடுக்கும் பக்கத்தை அவள் பார்க்கிறாள். இப்போது கணக்குப் பார்ப்போம். அவள் தட்டிய பெயர் முதலில் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. பதிவேட்டைக் கேட்க மெட்டாமாஸ்க் இயல்பாகப் பயன்படுத்துவது இன்ஃபுரா என்ற ஒரே நிறுவனத்தின் சர்வர்களை. 2020 நவம்பர் 11இல் இன்ஃபுரா படுத்தபோது மெட்டாமாஸ்க்கும் தடுமாறியது. கடைசியில் வந்த பக்கம் கேட்வே நடத்துபவரின் நேர்மையை நம்பி வந்தது. பதிவேடு ஆயிரம் இடத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும் வழி மூன்று நான்கு கைகளுக்குள் அடங்கிவிட்டது.

இதற்கு நடந்த சான்றும் இருக்கிறது. நீட்சி இல்லாதவர்களும் ‘.ஈத்’ தளங்களைப் படிக்க, பெயருக்குப் பின்னால் ‘டாட் லிங்க்’ சேர்த்துத் தட்டும் வசதியை ஈஎன்எஸ் செய்து வைத்திருந்தது. ‘ஈத் டாட் லிங்க்’ என்பது ஐகான் வேரில் உள்ள சாதாரண டொமைன். அதன் பதிவில் இருந்தவர் அமெரிக்கச் சிறையில் இருந்ததால் 2022இல் அதைப் புதுப்பிக்க முடியவில்லை. பெயர் காலாவதியாகி வேறு கைக்கு விற்கப்பட்டது. ஈஎன்எஸ் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போய் செப்டம்பரில் இடைக்காலத் தடை வாங்கிய பிறகே அது திரும்பக் கிடைத்தது. நீதிமன்றத்தால் தொட முடியாதவை என்று சொல்லப்பட்ட பெயர்களின் பொதுவாசலை நீதிமன்றம்தான் மீட்டுக் கொடுத்தது.

இந்த முறை புயலிலும் தாங்குமா என்ற கேள்வி கடலூர்க்காரர்களுக்கு இயல்பாக எழும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. உள்ளடக்க முகவரி முறைக்கு இங்கே உண்மையான பலன் ஒன்று உண்டு. நிவாரண முகாம் பட்டியலின் பிரதி ஊருக்குள்ளேயே ஒரு கணினியில் இருந்தால், வெளியுலகத் தொடர்பு அறுந்தாலும் உள்ளூர் வலையில் அதை எடுக்கலாம். அசல்தானா என்று சரிபார்க்கவும் செய்யலாம். ஆனால் பெயரைத் திறக்கும் நீட்சி வெளிநாட்டுச் சர்வரைக் கேட்டுத்தான் அசையும் என்றால், கம்பி அறுந்த அன்று அந்தப் பிரதி பக்கத்துத் தெருவில் இருந்தும் பயனில்லை. பிளாக்செயினின் பிரதியையும் உள்ளூரில் வைத்திருந்தால்தான் மையமின்மை என்ற சொல் மெய்யாகும். அதற்கு இடமும் மின்சாரமும் பராமரிக்க ஆளும் வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு இந்தப் பதிவேடுகளில் என்ன நடக்கிறது என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஈஎன்எஸ்ஸில் தமிழில் நேரடியாகப் பெயர் பதியலாம். கட்டணம் நீளத்தைப் பொறுத்தது: மூன்று குறிகள் உள்ள பெயருக்கு ஆண்டுக்கு 640 டாலர், நான்குக்கு 160, ஐந்தும் அதற்கு மேலும் 5 டாலர். நீளத்தை அது எண்ணுவது தமிழாசிரியர் எண்ணுவதுபோல் அல்ல, யூனிகோடு குறிகளாக. தமிழ் என்பது நமக்கு மூன்றெழுத்து. ஈஎன்எஸ்ஸுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. கடலூர் நமக்கு நான்கு, அதற்கு ஆறு. சிதம்பரம் ஆறெழுத்து, அதற்கு ஒன்பது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயருக்கு 640 டாலர் கேட்கும் அமைப்பு தமிழின் மூன்றெழுத்துச் சொல்லை 5 டாலருக்குக் கொடுப்பது இதனால்தான்.

அது லாபம் என்றால், நட்டம் இது. கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகார உயிர்மெய்யாக முறையாக எழுதினால் நான்கு குறிகள். ஒற்றைக் கொம்பு, க, பக்கத்தில் ளகரம் என்று தட்டினால், அதாவது ‘கெளரி’ என்று எழுதினால், ஐந்து. திரையில் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். நாளிதழ்களிலேயே இரண்டும் கலந்து வருகின்றன. கணித அரவையில் போட்டால் இரண்டுக்கும் கிடைக்கும் எண்ணில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சரியான கௌரிக்கு 160 டாலர், போலிக்கு 5 டாலர். தமிழ் எண் ‘௧’ க போலவும், ‘௭’ எ போலவும், ‘௮’ அ போலவும் தோன்றுவது இன்னொரு பொறி. ஐகானின் வேரில் இந்த ஆபத்தை ஆராய நியோ-பிராமி குழு என்ற பெயரில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய எழுத்து முறைகளின் வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விதி வகுத்தார்கள். மையம் என்று ஒன்று இருப்பதால் கிடைக்கும் நன்மை இது. அதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது.

பெயருக்குப் பின்னால் ஒருவர் பொறுப்பில் நிற்பதன் மதிப்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முகவரியிலேயே தெரிகிறது. அது ‘டாட் ஏசி டாட் இன்’ என்று முடிகிறது. எர்நெட் இந்தியா அந்தப் பின்னொட்டைக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கி, நாடெங்கும் மாணவர்களைச் சேர்த்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு, கட்டணம் கட்டும் மாணவன் பார்த்தவுடன் நம்பக்கூடிய ஒரு முத்திரை அது. ‘.ஈத்’தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையோ நடராசர் கோயிலின் பெயரையோ யார் முதலில் வந்தாலும் பதியலாம். தகுதி கேட்பவர் இல்லை. தவறானவர் பதிந்துவிட்டால் எங்கே போவது? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, தன் ‘சிஃபி’ பெயரைப்போல் ஒலித்த டொமைனை எதிர்த்து நடத்திய வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய தீர்ப்பை ‘.இன்’ பதிவேட்டில் நிறைவேற்ற ஆள் இருக்கிறது. பிளாக்செயினில் சாவி வைத்திருப்பவர் மனம் வைத்தால்தான் நடக்கும்.

பதிவேடுகளே ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் நிறுவனம் ‘.காயின்’ பெயர்களை விற்றது. அதே பின்னொட்டை எமர்காயின் என்ற வேறொரு பிளாக்செயின் முன்பே வைத்திருந்தது. ஒரே முகவரி, எந்த நீட்சி போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு வேறு இடங்களுக்குப் போகும் நிலை. 2022இல் அந்நிறுவனம் ‘.காயின்’ விற்பனையை நிறுத்தியது. ‘.ஈத்’துக்கு இந்த விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம். அந்த மூன்று ஆங்கில எழுத்து எத்தியோப்பியாவின் பன்னாட்டு நாட்டுக் குறியீடு. அத்தகைய மூன்றெழுத்துக் குறியீடுகளைப் பொதுப் பின்னொட்டாகக் கொடுப்பதில்லை என்பது ஐகானின் 2012ஆம் ஆண்டு விதி. அதனால் வேரிலிருந்து மோதல் வரவில்லை. கதவு மூடியிருப்பதும் அதே காரணத்தால்தான். தமிழ்ப் பெயர்களுக்கு வேரில் இடம் கிடைத்ததுபோல் ‘.ஈத்’ பெயர்களுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை. நீட்சி இவற்றுக்கு இடைக்கால ஏற்பாடு அல்ல, நிரந்தர ஊன்றுகோல்.

ஆகவே ஊன்றுகோல் எவ்வளவு உறுதியானது என்பதே முதன்மையான கேள்வி. இந்த வகை நீட்சியை நிறுவும்போது பிரவுசர் ஓர் அனுமதி கேட்கும்: எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும். முகவரிகளை இடைமறிக்க இந்த அனுமதி தேவைப்படுவதில் பொய்யில்லை. ஆனால் அதே அனுமதியோடு அது வங்கிப் பக்கத்தையும் பார்க்கும். எழுதியவர் நல்லவராக இருந்தால் போதாது. அவருடைய கணக்கும் பத்திரமாக இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் குரோம் நீட்சியே இப்படிக் களவாடப்பட்டது. ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்தார். கிறிஸ்துமஸ் அன்று நச்சு நிரல் கலந்த புதிய பதிப்பு தானாகவே பயனர்களைச் சேர்ந்தது. சுமார் 4 லட்சம் பேர் பயன்படுத்திய நீட்சி அது. 2020 ஏப்ரலில் கிரிப்டோ பணப்பைகளின் பெயரில் உலவிய 49 போலி நீட்சிகளை கூகுள் ஒரே மூச்சில் நீக்கியது.

கைப்பேசிக்காரர்களுக்கு இன்னொரு தடை. ஆண்ட்ராய்டு குரோம் நீட்சிகளை ஏற்பதே இல்லை, ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும். கணினியில் சோகோவின் உலா பிரவுசர் குரோமியத்தின் மேல் கட்டியது என்பதால் குரோமுக்கு எழுதிய நீட்சிகள் அதிலும் ஓடும். பிரேவ் பிரவுசர் ‘.ஈத்’ பெயர்களைத் தானாகவே திறக்கக் கற்றது. ஆனால் தனக்குள் வைத்திருந்த ஐபிஎஃப்எஸ் முனையை 2024இல் நீக்கிவிட்டது. கிரிப்டோ கொடுத்துப் பெயர் வாங்க நினைப்பவர் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை முதல் பரிமாற்றத்தில் 1 சதவீதப் பிடித்தம்.

கடலூரில் கடை வைத்திருப்பவரோ, சிதம்பரத்தில் நூல் விற்பவரோ இன்று தமிழில் ஒரு முகவரி வேண்டும் என்று கேட்டால் ‘.இந்தியா’தான் சரியான பதில். அதைத் திறக்க வாடிக்கையாளர் எதையும் நிறுவ வேண்டாம். ‘.ஈத்’தைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர் அதற்கென்று பிரவுசரில் தனி ப்ரொஃபைல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். வங்கி வேலையை அதில் செய்ய வேண்டாம்.

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு இதில் உருப்படியான வேலை காத்திருக்கிறது. கேட்வேயிலிருந்து வந்த கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டாமல், உள்ளடக்க முகவரியோடு கணக்குப் போட்டு ஒப்பிட்டுவிட்டுக் காட்டும் நீட்சி வேண்டும். டிஎன்எஸ்ஸுக்குப் பெயர் கசிவதற்கு முன்பே இடைமறிப்பதாக இருக்க வேண்டும். கௌரிக்கும் கெளரிக்கும், கவுக்கும் ‘௧’வுக்கும் வேறுபாடு தெரிந்து, தமிழிலேயே எச்சரிப்பதாக இருக்க வேண்டும். கேட்கும் அனுமதி ‘.ஈத்’ முகவரிகளோடு நிற்க வேண்டும். இவற்றுக்கான நுட்பங்கள் எல்லாம் ஏற்கெனவே வெளிப்படையாகக் கிடைக்கின்றன. தமிழ் இணைய மாநாடு நடந்த அதே வளாகத்தில் படிப்பவர்கள் இதை எழுதி, மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும்.